கதை முடிந்த பின்னர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

   

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதிக் காலம் கழிப்பவன் நான். இலக்கியத்தைப் பற்றி இம்மேடையில் பேசும் தகுதி எனக்கு இருப்பதாக நான் கருதவில்லை. ஆயினும், 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் நம் குடியிருப்பில் உரக்க வாசிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தவர்கள் நீங்களே. ஏறத்தாழ முந்நூறு அத்தியாயங்கள். ஞாயிறுதோறும் மூன்று அத்தியாயங்களாக வாசித்தும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கடைசி ஞாயிறன்று நான் புத்தகத்தை மூடியதும் எழுந்த ஆரவாரம் உங்களுக்கு நினைவிருக்கும். கைதட்டல் அன்று, சண்டை! அந்தச் சண்டையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் நம் ஆசிரியர் நண்பர் ஒருவர். "இராசராசன் முடிசூடுவதைக் காண இரண்டு ஆண்டுகள் காத்திருந்தோம். முடி வேறொருவர் தலைக்குப் போய்விட்டதே!" என்பது அவருடைய குறை. "குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கலியாணம் நடந்ததா இல்லையா? அதைச் சொல்லாமல் ஒரு கதையா?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். "ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? அதைத் தெளிவாகச் சொல்லவே இல்லையே!" என்று இளைஞர்கள் கேட்டார்கள். நந்தினியின் பிற்காலம் என்னவாயிற்று என்பதும் கதைக்குள் இல்லை. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்திருந்த சிறுமி ஒருத்தி, "படத்தில் மதுராந்தகருக்குத்தானே முடி சூட்டினார்கள்? இங்கே சேந்தன் அமுதன் எப்படி வந்தான்?" என்று வியந்தாள்.

அன்பர்களே, இக்கேள்விகள் நம் குடியிருப்பில் புதிதாய் முளைத்தவை அல்ல. 1950 அக்டோபர் மாத இறுதியில் 'கல்கி' வார இதழில் தொடங்கிய இந்த நவீனம் 1954 மே மாதத்தில் நிறைவு பெற்றது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருந்து படித்த வாசகர்கள், கதை திடீரென முடிந்துவிட்டதாகக் குறைப்பட்டு ஆசிரியருக்கு எழுதினார்கள். கல்கி கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அக்குறையை மறைக்கவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, வாசகர் மனக்குறையை அதில் தாமே எடுத்துரைத்து, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதற்கும் சுருக்கமாக விடை கூறினார். அதே ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள் அவர் மறைந்தார். இன்னும் சற்று நீட்டியிருக்கலாமே என்று கேட்ட வாசகர்களுக்கு ஏழே மாதங்களில் கேட்பதற்கு ஆள் இல்லாமற் போயிற்று.

முடிவைக் கண்டு வாசகர் சினம் கொள்வது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாட்டில் கோனன் டாயில் என்பவர், தாம் படைத்த துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸை 1893 ஆம் ஆண்டில் அருவியில் விழச் செய்து கதையை முடித்தார். வாசகர்கள் பொறுக்கவில்லை, ஓயாமல் வற்புறுத்தினார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1903 இல், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று எழுதி அவரை மீட்டுக்கொண்டு வந்தார் டாயில். அவர் வாசகருக்கு இணங்கினார். கல்கியோ வாசகருக்கு விளக்கம் தந்தார். இருவரும் வாசகரை மதித்தவர்களே.

சரி, குறை கூறியவர்கள் பக்கம் நியாயம் இல்லையா? உண்டு. நானும் இளமையில் அக்கட்சியைச் சேர்ந்தவனே. ஆனால் உரக்க வாசிக்கும்போது, கண்ணால் ஓடிப் படித்த காலத்தில் புலப்படாத ஒன்று எனக்குப் புலப்பட்டது. ஐந்தாம் பாகத்தின் பெயர் 'தியாகச் சிகரம்.' சிகரம் என்று பெயரிட்ட பிறகு, அங்கே ஏறி நின்றதும் பயணம் முடியத்தானே வேண்டும்? கைக்கு வந்த மணிமுடியை அருள்மொழிவர்மன் தன் சிற்றப்பன் தலையில் சூட்டுகிறான். அதற்குமேல் கதை எங்கே ஏற முடியும்? இறங்கத்தான் முடியும்.

இந்தத் தியாகம் வெறுங் கற்பனையும் அன்று. சிற்றப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரையில் அருள்மொழி அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்று, அவன் மகன் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. உத்தம சோழன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். அதன் பின்னரே, 985 ஆம் ஆண்டில், இராசராசன் அரியணை ஏறினான். ஆசிரியர் நண்பர் எதிர்பார்த்த முடிசூட்டு விழாவைக் காட்ட வேண்டுமாயின், கல்கி அவர்கள் இன்னும் பதினைந்து ஆண்டுக் கதையை எழுதியிருக்க வேண்டும்!

கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது கூறுகிறது. ஆனால் அவர்களைத் தூண்டியவர் யார்? வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தாரோ அதனை மறுத்தார். அறிஞர்களே முடிவு காணாத வழக்கில் நாவலாசிரியர் தீர்ப்பு எழுதாமல் விட்டது நேர்மை என்றே என் சிற்றறிவுக்குப் படுகிறது. அதுமட்டுமன்று. அப்படிப்பட்ட ஐயத்துக்கு ஆளான ஒருவன் தலையில் அருள்மொழி முடி சூட்டினால் நமக்குக் கசக்கும் அல்லவா? ஆகவேதான், மலர் தொடுத்து இறைவனைப் பாடித் திரிந்த சேந்தன் அமுதனை உண்மையான இளவரசனாக்கி, அவன் தலையில் முடியை வைத்தார் கல்கி. அது சரித்திரம் அன்று, கற்பனை. திரைப்படம் அந்தக் கற்பனையை விட்டுவிட்டது. எது நன்று என்பதை அச்சிறுமி இரண்டையும் அறிந்த பின்னர்த் தானே முடிவு செய்யட்டும்.

இதுவரை சொன்னவை புத்தகத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப் போவது என் வீட்டைப் பற்றியது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தந்தையாரும் இரயில்வே ஊழியர். தமிழ்நாட்டில் அவர் பணியாற்றிய ஊரில், இரயில்வே நூலகத்திலிருந்து பொன்னியின் செல்வனை ஒவ்வொரு பாகமாகக் கொண்டுவந்து, இரவு உணவுக்குப் பின் என் அன்னையாருக்கு வாசித்துக் காட்டுவாராம். அன்னையார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தடித்த நூல்களைத் தாமே படிக்க இயலாதவர். ஐந்தாம் பாகத்தின் கடைசிச் சில அத்தியாயங்கள் எஞ்சியிருந்தபோது, நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டதென்று கூறி, மிச்சக் கதையைத் தந்தையார் வாய்மொழியாகச் சொல்லி முடித்தாராம். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன் நடந்தது.

கடைசி ஞாயிறன்று 'மலர் உதிர்ந்தது' என்னும் இறுதி அத்தியாயத்தை நான் வாசித்தபோது, அன்னையார் சுவரில் சாய்ந்து அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வந்தியத்தேவன் அருகிருக்க மணிமேகலையின் உயிர் பிரியும் இடம் வந்தது. நீங்கள் எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்த வேளையில் அவர் ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்குப் போனபின் என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு செத்தா போகுது? உங்கப்பா எனக்கு வேற மாதிரி இல்ல சொன்னாரு! அவளுக்கு நல்ல இடத்துல கலியாணம் ஆயிடுச்சுன்னாரே!" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். அந்த ஆண்டுதான் அவருடைய தங்கை, என் சிறிய தாயார், பதினெட்டு வயதில் காய்ச்சலில் மறைந்தாராம். காரியங்கள் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், அந்த அத்தியாயத்தை வாசிக்கத் தந்தையாருக்கு மனம் வரவில்லை. நூலை மூடிவிட்டு, தாமே ஒரு முடிவைக் கட்டிச் சொல்லியிருக்கிறார். தந்தையார் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் சொன்ன பொய் அன்றுதான் வெளியாயிற்று. "பொய் சொல்லத் தெரியாத மனுஷன்னு நினைச்சிருந்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அன்னையார்.

அவருக்கு எந்த முடிவு பிடித்தது என்று மறுநாள் கேட்டேன். "அப்போ அது வேணும், இப்போ இது கேட்க முடியுது" என்றார். அன்பர்களே, முடிவைப் பற்றி எத்தனையோ வாதங்கள் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவான மதிப்புரையை நான் கேட்டதில்லை. முடிவு நூலில் எழுதியவாறே இருக்கிறது. அதை ஏற்கும் வாசகர் மனமோ காலத்துக்கு ஒன்றாக இருக்கிறது. 'இவ்வளவுதானா?' என்று இன்று கேட்டவர், பத்தாண்டு கழித்து மீண்டும் படித்தால் வேறு கேள்வி கேட்பார்.

இன்னொன்று கூறி முடித்துக்கொள்கிறேன். மைசூரிலிருந்து வரும் இருப்புப்பாதை நம் சாமராஜநகரோடு முடிகிறது. சத்தியமங்கலம் வழியாக அதை நீட்ட வேண்டுமென்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. நடுவில் காடும் மலையும் நிற்கின்றன. தண்டவாளம் முடிந்தாலும் பயணிகள் நம் நிலையத்தில் தங்கிவிடுவதில்லை. பேருந்து ஏறித் திம்பம் மலைப்பாதை வழியே தம் ஊர் போய்ச் சேருகிறார்கள். கதையும் அப்படித்தான். கல்கி நிறுத்திய இடத்திற்குப் பிறகு நடந்த வரலாறு எங்கே இருக்கிறது என்று எண்ணுகிறீர்கள்? நமக்கு அருகிலேயே இருக்கிறது! இராசராசன் காலத்தில் சோழர் படை கங்கபாடியைக் கைக்கொண்டது. காவிரிக் கரையில் உள்ள தலைக்காடு 'இராசராசபுரம்' என்று பெயர் பெற்றது. பின்னர் 1116 ஆம் ஆண்டளவில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அதனை மீட்டான். பொன்னி நதி தஞ்சைக்குப் போகும் முன்னர் நம் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறாள். முடிசூடிய இராசராசனைக் காணவில்லையே என்று வருந்திய நண்பர், ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு தலைக்காட்டு மணலில் நடந்து வரட்டும்.

வரும் ஞாயிறு முதல், இராசேந்திரனைப் பற்றி அகிலன் எழுதிய 'வேங்கையின் மைந்தன்' வாசிக்கலாம் என்று சங்கத்தில் முடிவாகியுள்ளது. 1963 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல் அது. ஆனால் வாசிக்கப் போவது நான் அல்லேன். சேந்தன் அமுதனைப் பற்றிக் கேட்ட அந்தச் சிறுமி கன்னடப் பள்ளியில் படிப்பவள். கடந்த சில மாதங்களாகத் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். முதற்பக்கத்தைத் தானே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். தடுமாறுவாள்; நேரம் பிடிக்கும். அவசரப்படாமல் கேட்க என் அன்னையார் வருவார். நீங்களும் வாருங்கள். முடிவு பிடிக்காவிட்டால் மறுபடியும் சண்டை போடுவோம்.