சைகலுக்கு லதா செலுத்திய அஞ்சலி

லதா மங்கேஷ்கர் 1990களின் முற்பகுதியில் ‘ஷ்ரத்தாஞ்சலி’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். தமக்கு முன் பாடியவர்களுக்கும் தம்மோடு பாடி மறைந்தவர்களுக்கும் அவர் செலுத்திய அஞ்சலி அது. கே. எல். சைகல், பங்கஜ் முல்லிக், முஹம்மத் ரபி, முகேஷ், ஹேமந்த் குமார், கிஷோர் குமார் முதலியோரின் பாடல்களை அதில் தம் குரலில் பாடினார்.

இவர்களுள் சைகல் மீது லதா வைத்திருந்த பற்று தனியானது. 1904இல் ஜம்முவில் பிறந்த சைகல், தட்டச்சுப்பொறி விற்றுத் திரிந்தவர். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் எடுத்த ‘தேவதாஸ்’ 1935இல் வெளிவந்ததும் இந்தியா முழுவதும் அவர் பாட்டே பேச்சாயிற்று. 1937இல் வந்த தமிழ் ‘தேவதாஸ்’ படத்தில் தமிழிலும் பாடினார். சிறுவயது முதல் அவர் பாடல்களிலேயே ஊறிய லதாவுக்கு அவரை நேரில் காணும் பேறு கிட்டவில்லை. ஆசையோடு வாங்கிய முதல் வானொலிப் பெட்டியைத் திறந்தபோது காதில் விழுந்தது சைகல் காலமான செய்தி. அது 1947 ஜனவரி. பெட்டியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாக லதா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சைகலின் குரல் மங்காமல் இருந்ததில் இலங்கைக்கும் பங்குண்டு. இலங்கை வானொலி ஹிந்தி சேவையின் பழைய பாடல் நிகழ்ச்சி, காலை எட்டு மணியை நெருங்கும்போது சைகல் பாட்டொன்றோடு நிறைவுறுவது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. அவர் மறைந்த பிறகு பிறந்தவர்களுக்கும் கொழும்பு ஒலிபரப்பு அந்தக் குரலைப் பழக்கியது.

லதா அஞ்சலி செலுத்திய முகேஷும் சைகலின் அபிமானிதான். அவர் 1945இல் ‘பஹலி நஸர்’ படத்துக்குப் பாடியதைக் கேட்டவர்கள் சைகலே பாடினாரோ என்று மயங்கினார்கள். அந்த அபிமானம் அப்படியே குரலில் படிந்திருந்தது. முகேஷ் தம் சொந்தக் குரலைக் கண்டது அதற்குப் பின்புதான்.

லதா செய்ததுபோன்ற அஞ்சலித் தொகுப்பு, ஜாஸ் இசையில் வேரூன்றிய மரபு. ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1996இல் மறைந்தார். மறு ஆண்டே பாடகி டீ டீ பிரிட்ஜ்வோட்டர் ‘டியர் எலா’ என்ற அஞ்சலித் தொகுப்பை வெளியிட்டார். எலாவின் முன்னாள் கணவர் ரே பிரவுண் அதில் பாஸ் வாசித்தார். தொகுப்பு கிராமி விருது பெற்றது. ஜாஸ் பாடகர் மெட்டைத் தம் கற்பனைப்படி வளைக்கலாம். அதுவே அந்த இசையின் உயிர். திரைப்பாடலிலோ மெட்டு மாறினால் ரசிகர் பொறுக்கமாட்டார். லதாவுக்கு எஞ்சியவை சுருதியும் மூச்சும் உச்சரிப்பும்தான். ஆண்குரலுக்கென்று பிறந்த பாட்டை அந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே அவர் தம் பாட்டாக்கிக்கொண்டார்.