இரும்பில் ஒரு சிட்டிகைக் கரி



குளுவாங், சிகாமட் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்தக் காலத்துக் கத்தியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தீட்டிய கூர் நிற்க வேண்டும், மழுங்கினால் வெட்டு ஒழுங்காக விழாது, பட்டை புண்ணாகும் என்பார்கள். அதே ஜொகூரில் பாசீர் கூடாங் கப்பல் பட்டறைக்கு வரும் தகடும் எஃகுதான். ஆனால் அது வளைய வேண்டும். பற்றவைத்த இடத்தில் விரிசல் விடக் கூடாது.

இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் கரி, அதாவது கார்பன். தகட்டில் அது நூற்றுக்கு 0.2 பங்கு அளவில் இருக்கும். கத்தியில் ஒன்றை நெருங்கும். இரண்டைத் தாண்டினால் அது எஃகே அல்ல, வார்ப்பிரும்பு. கனமான பழைய தோசைக்கல் கை தவறிக் கீழே விழுந்து உடைவது அதனால்தான்.

ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் சேலம், திருச்சி, கொங்கு வட்டாரக் கொல்லர்கள். அதே சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும்தான் எத்தனையோ குடும்பங்கள் மலாயாவுக்குக் கப்பலேறின. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் எஃகு உருக்கிய பழைய உலைகளை அகழ்வாய்வில் கண்டிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்ற ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் இந்த வேலையை விவரமாக எழுதி வைத்தார்.

களிமண்ணில் கருக்கிய உமியைப் பிசைந்து சிறு மண்கலம் செய்வார்கள். அதில் சுமார் ஒரு பவுண்டு இரும்பு, காய்ந்த ஆவாரங்கட்டைத் துண்டுகள், மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயை மண்ணால் பூசி அடைப்பார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட கலங்களை உலையில் அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். காற்றுப் புகாத கலத்துக்குள் கட்டையும் இலையும் கரியாகும்; அந்தக் கரியை இரும்பு குடித்துவிடும். கலத்தை உடைத்தால் எஃகுக் கட்டி. அதில் கரி ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை இருந்தது.

ஆங்கிலேயர் இதை ‘வூட்ஸ்’ என்றார்கள். உருக்கு என்ற சொல்லின் சிதைவு என்பது பலர் கருத்து. டமாஸ்கஸ் வாளுக்குப் புகழ் சேர்த்தது இந்த வகை எஃகுதான். மைக்கேல் பாரடே 1819இல் இதை ஆராய்ந்து, சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று எழுதினார். அது தவறு. இத்தனைக்கும் அவர் ஒரு கொல்லரின் மகன்!

வாளைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். துருத்தி ஊதியவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. அவர்கள் தொழில் ஏன் அழிந்தது? இங்கிலாந்து எஃகு மலிவாக வந்து இறங்கியது. 1856இல் பெசிமர் முறை வந்ததும், டன் கணக்கான இரும்பை நிமிடக் கணக்கில் எஃகாக்க முடிந்தது. ஒரு பவுண்டுக் கலம் அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்? காட்டு விறகுக்கும் கட்டுப்பாடு வந்தது. எழுதி வைக்காத கைப்பக்குவம் ஆட்களோடு போய்விட்டது.

மரக்கரி மட்டும் அதோடு முடிந்துவிடவில்லை. மலேசியாவில் பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறையில், ஜப்பானியக் கூட்டுறவோடு மலாயாவாத்தா எஃகு ஆலை 1967இல் உலை மூட்டியது. நல்ல நிலக்கரி இங்கே கிடைக்காததால் ரப்பர் கட்டைக் கரியையே எரித்தார்கள். அந்தக் கரி உலைகளின் காலம் இப்போது முடிந்துவிட்டது. ஆனால் அன்று, பால் வற்றி வெட்டித் தள்ளிய தோட்டத்து மரம் சூளையில் கரியாகி, பிறையில் உலைக்குள் போய், கட்டடக் கம்பி வார்க்க உதவியது.