சினமும் செவியும்

பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தீவிரவாதம் பற்றிய பேச்சா எனச் சிலர் வியக்கலாம். சொல்லை நம்பி வாழ்வோர் கூடியுள்ள அவை இது. சொல்லில் நம்பிக்கை இழந்த ஓர் எழுத்தாளரைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தமே.

கலகக்காரர் வேறு; தீவிரவாதி வேறு. கண்ணகியும் சினந்தாள். ஆயினும் முதலில் அரசவை சென்று வழக்குரைத்தாள். மதுரையை எரித்தபோதும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு தீக்கடவுளைப் பணித்தாள். சினத்தின் உச்சியிலும் அவள் கண்ணுக்கு மனிதர் தெரிந்தனர். அந்தப் பார்வை எப்போது மறைகிறது? மேற்கு ஜெர்மனியின் உல்ரிகே மைன்ஹோஃப் வாழ்வு இதற்கு விடை தேட உதவும்.

1934இல் பிறந்த அவர், பதினைந்து வயதை எட்டுமுன் தாய் தந்தை இருவரையும் இழந்தார். அணு ஆயுத எதிர்ப்பாளராக வளர்ந்து, 'கொங்க்ரெட்' என்னும் ஏட்டின் ஆசிரியராகவும் பெயர்பெற்ற கட்டுரையாளராகவும் விளங்கினார். இரக்கமே அவருடைய எழுத்தின் ஊற்று.

அவர் வாழ்ந்த சமூகம் எத்தகையது? 1966இல் பிரதமரான கீசிங்கர், முன்பு நாஜிக் கட்சியின் உறுப்பினர். இரு பெருங்கட்சிகளும் சேர்ந்து ஆண்டதால் நாடாளுமன்றத்தில் எதிர்க்குரல் மெலிந்தது. 1967 ஜூன் 2 அன்று, ஈரான் மன்னரின் வருகையை எதிர்த்த ஊர்வலத்தில் பென்னோ ஓனெசோர்க் என்ற மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட காவலர் விடுதலையானார். மறு ஆண்டு மாணவர் தலைவர் ரூடி டுட்ஷ்கே சுடப்பட்டார். முறையிட இடமில்லை என்ற எண்ணம் இளைஞரிடையே வேரூன்றியது.

எனினும் அதே தெருக்களில் ஊர்வலம் போன பல்லாயிரவர் துப்பாக்கி ஏந்தவில்லை. ஆகவே சமூகக் காரணம் மட்டும் போதாது. உள்ளத்தின் பங்கும் உண்டு. எழுதி என்ன பயன் என்ற குற்றவுணர்வு உணர்ச்சி மிக்க மனத்தை அரிக்கும். செயலே தூய்மை என்று அது மயங்கும். மைன்ஹோஃப் 1970 மே 14 அன்று, சிறையிலிருந்த ஆண்ட்ரியாஸ் பாடரைத் தப்புவிக்கத் துணைநின்றார். நூல் எழுதுவதாகக் காரணம் காட்டியே பாடர் பெர்லின் நூலகம் ஒன்றுக்கு வரவழைக்கப்பட்டிருந்தார். அங்கே பணியாளர் ஒருவர் சுடப்பட்டுப் படுகாயமுற்றார். மைன்ஹோஃப் சன்னல் வழியே குதித்து மறைந்தார்.

அக்குதிப்புக்குப் பின் திரும்பும் வழி அடைபட்டது. தலைமறைவு வாழ்வில் மறுத்துப் பேசும் நண்பர் இல்லை. சிறு குழுவே உலகம். ஐயம் துரோகமாகிறது. செய்த பிழையை நியாயப்படுத்த அடுத்த பிழை தேவைப்படுகிறது. சில வாரங்களிலேயே, சீருடை அணிந்தவர் மனிதரல்லர், அவரைச் சுடலாம் என அவர் பேசினார். கண்ணகிக்குத் தெரிந்த மனிதர் இவர் பார்வையிலிருந்து மறைந்தது இங்கேதான். 1972இல் அவர்களுடைய செம்படைப் பிரிவு ஹாம்பர்க் பத்திரிகை நிறுவனம் ஒன்றில் வைத்த குண்டுகள் காயப்படுத்தியது அங்கு உழைத்தவர்களைத்தான்.

இன்னொரு துயரம் அதிகம் பேசப்படாதது. சீர்திருத்த இல்லங்களில் அடைபட்ட ஏழைச் சிறுமியரைப் பற்றி அவர் 'பாம்பூலே' என்ற தொலைக்காட்சிப் படம் எழுதியிருந்தார். 1970 மே 24 அன்று ஒளிபரப்பாகவிருந்த அப்படம், பத்து நாள் முன்பு நடந்த அந்தச் செயலால் நிறுத்தப்பட்டது. 1994இல்தான் மக்கள் அதைப் பார்த்தனர். எவருக்காகச் சினந்தாரோ, அவர்கள் குரலை அவர் செயலே இருபத்து நான்கு ஆண்டுகள் அடைத்துவிட்டது. அவரோ 1976 மே 9 அன்று சிறையறையில் இறந்து கிடந்தார்.

இலக்கிய வட்டங்களுக்கு இதில் ஒரு கடமை புலப்படுகிறது. சினத்தோடு வரும் இளங்கவிஞனை வெறுமனே பாராட்டி அனுப்பிவிடலாகாது; அஞ்சி விலக்கவும் ஆகாது. அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டபின் மறுத்துப் பேசவும் வேண்டும். மறுப்பவரும் நண்பராக இருக்க முடியும் என்று அறிந்த மனம் எளிதில் இருட்டறைக்குள் போகாது. பத்தாண்டுகளாகத் திறந்திருக்கும் இந்த அவையின் கதவு, சினந்து வருவோர்க்கும் திறந்தே இருக்கட்டும்.