‘நல்லா இருக்கு’ன்னு சொன்னா ஆர்டர் ஆகிடுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில பேசிப் பழக்கமில்லை. எழுதி வெச்சிருக்கிறதைப் பார்த்துத்தான் பேசுறேன், தப்பா நினைக்காதீங்க. புதுசா கருவி செஞ்சு விக்கிற கம்பெனிகள்கிட்ட இருந்து நாம என்ன கத்துக்கலாம்னு பேசச் சொன்னாங்க. கைக்கடிகாரம், ஜூஸ் மிஷின், ஃபேன். இதுக்கும் சத்துமாவு விக்கிற எனக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால முதல்ல எங்க கதையைச் சொல்லிடறேன்.

எங்க குழுவுல 12 பேர். மூணு வருசத்துக்கு முன்னால ஒன்றரை லட்சம் கடன் வாங்கி மாவு அரைக்கிற மிஷின் போட்டோம். கேழ்வரகு, கம்பு, சோளம், பாசிப்பயறு, நிலக்கடலை, ஏலக்காய்னு 14 சாமான் போட்ட சத்துமாவு. யோசனை என்னோடதுதான். அரைக்கிறதுக்கு முன்னால வீட்டுல கொஞ்சம் செஞ்சு ஊர் முழுக்கக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். குடிச்சவங்க எல்லாரும் “நல்லா இருக்கு, சூப்பரா இருக்கு, கடையில வாங்கறதைவிட நல்லா இருக்கு”ன்னாங்க. அந்த வார்த்தையை நம்பி 250 கிலோ அரைச்சோம். மூவாயிரம் கவர் அடிச்சோம். மூவாயிரம் அடிச்சாத்தான் விலை குறையும்னு அச்சாபீஸ்ல சொன்னாங்க.

எங்க குழுவுல ஒரு அக்கா மட்டும் வேண்டாம்னு சொன்னாங்க. “நம்ம ஊர்ல ஆளுக்கொரு முறம் இருக்கு. காயவெக்க வாசல் இருக்கு. மில்லு பக்கத்துலயே இருக்கு. யாருடி காசு கொடுத்து மாவு வாங்குவா?”ன்னு கேட்டாங்க. நான் அவங்களைப் பேசவே விடலை. “எதைச் சொன்னாலும் வேண்டாம்னே சொல்லுங்க”ன்னு கூட்டத்துலயே சொல்லிட்டேன்.

90 கிலோ வித்துச்சு. அதுலயும் பாதி சொந்தக்காரங்க வாங்கினது. மீதி மாவு நிலக்கடலை சேர்த்ததால மூணாம் மாசம் காறல் அடிச்சிருச்சு. கடைசியில மாட்டுத் தொட்டியில கரைச்சு ஊத்தினோம். மாடு குடிச்சுது, வட்டி நிக்கலை. வாராவாரம் கூட்டத்துல சண்டை. அந்த அக்கா குழுவை விட்டுப் போயிட்டாங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம் கவர் இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு.

இந்த நிலைமையிலதான் வட்டாரத்துல மூணு நாள் விற்பனைப் பயிற்சிக்கு என்னை அனுப்பினாங்க. பாடம் எடுத்த டீச்சர் அம்மா சின்ன வயசுக்காரங்க. கம்ப்யூட்டர்ல படம் போட்டு ஒரு ஜூஸ் மிஷினைக் காட்டினாங்க.

அமெரிக்காவுல 2016-ல வந்த மிஷின் அது. பேரு ஜூசெரோ. விலை 699 டாலர், நம்ம காசுக்கு அப்போ 46 ஆயிரத்துக்கு மேல. அதுக்கு நாம பழம் வாங்கிப் போட முடியாது. நறுக்கின பழமும் காய்கறியும் பையில அடைச்சு அந்தக் கம்பெனியே விக்கும். பையை மிஷினுக்குள்ள மாட்டினா அழுத்திப் பிழிஞ்சு கொடுக்கும். பையில இருக்கிற கோடை மிஷின் படிச்சுப் பார்க்கும். வைஃபை இல்லாம ஓடாதாம். வீட்டுல ஜூஸ் போட இன்டர்நெட்டு வேணும்னா பார்த்துக்கோங்க. இந்தக் கம்பெனியில பணக்காரங்க எல்லாம் சேர்ந்து சுமார் 12 கோடி டாலர் போட்டிருந்தாங்க. நம்ம கணக்குல 750 கோடி ரூபாய்க்கு மேல. விக்கலைன்னதும் விலையை 399 டாலருக்கு இறக்கிப் பார்த்தாங்க.

2017 ஏப்ரல் மாசம் ப்ளூம்பெர்க்னு ஒரு செய்தி நிறுவனத்துக்காரங்க ஒரு வேலை செஞ்சாங்க. அந்தப் பையை எடுத்து வெறும் கையால பிழிஞ்சாங்க. மிஷின்ல வர்ற ஜூஸ் கிட்டத்தட்ட அப்படியே வந்துச்சு. நேரமும் அதிகம் ஆகலை. அவ்வளவுதான். வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர்றோம்னு சொல்ல வேண்டியதாச்சு. அந்த வருசம் செப்டம்பர்ல கம்பெனியை மூடிட்டாங்க.

பயிற்சிக்கு வந்திருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அந்த அக்கா சொன்ன முறம்தான் ஞாபகம் வந்துச்சு. கையாலயே பிழியறவங்ககிட்ட மிஷினை வித்தது அவங்க. முறமும் வாசலும் மில்லும் வெச்சிருக்கிறவங்ககிட்ட மாவை வித்தது நான். அவங்க 750 கோடி, நான் ஒன்றரை லட்சம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்போ எல்லாரும் ஏன் நல்லா இருக்குன்னு சொன்னாங்க? அதையும் டீச்சர் அம்மாகிட்ட கேட்டேன். அவங்க நம்ம கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் அய்யா கதையைச் சொன்னாங்க. குறைஞ்ச விலையில நாப்கின் செய்யிற மிஷின் கண்டுபிடிச்சவர், உங்க பல பேருக்குத் தெரியும். அந்த மிஷினைப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்காம நம்மள மாதிரி மகளிர் குழுக்களுக்குத்தான் கொடுத்தார். அவர் ஆரம்பத்துல தான் செஞ்ச நாப்கினை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைங்களுக்குக் கொடுத்து, எப்படி இருக்குன்னு தாள்ல எழுதித் தரச் சொல்லியிருக்கார். ஒரு நாள் போய்ப் பார்த்தா, ரெண்டு மூணு பேரே உட்கார்ந்து எல்லாருக்கும் சேர்த்து எழுதிக்கிட்டு இருந்தாங்களாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களே அப்படின்னா, என் கஞ்சியைச் சும்மா குடிச்ச எங்க ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க? வீடு தேடி வந்து கொடுக்கிறவகிட்ட நல்லா இல்லைன்னு யாராவது முகத்துக்கு நேரா சொல்லுவாங்களா? நானே சொல்ல மாட்டேன்.

அப்போ நிஜத்தை எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதுக்குத்தான் கடிகாரக் கதை. இதை நான் வீட்டுக்கு வந்து, ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணை போன்ல தேடச் சொல்லி இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன்.

கனடாக்காரர் ஒருத்தர், எரிக் மிகிகோவ்ஸ்கின்னு பேரு. போனுக்கு வர்ற செய்தி கைக்கடிகாரத்துல தெரியிற மாதிரி ஒண்ணு செய்யணும்னு அவருக்கு ஆசை. பேரு பெபிள். முதலாளிங்ககிட்ட இருந்து போதுமான பணம் கிடைக்கலை. 2012 ஏப்ரல்ல கிக்ஸ்டார்ட்டர்னு ஒரு இடத்துல, “இப்படி ஒரு கடிகாரம் செய்யப் போறேன், வேணுங்கிறவங்க இப்பவே பணம் கட்டுங்க, செஞ்சு அனுப்பறேன்”னு சனங்களையே நேராக் கேட்டார். கேட்டது ஒரு லட்சம் டாலர். ரெண்டு மணி நேரத்துல அது வந்துருச்சு. கடைசியில 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல கட்டியிருந்தாங்க. அன்னைக்கு நம்ம காசுக்கு 50 கோடிக்கும் மேல. இத்தனைக்கும் விக்கிறதுக்கு அப்போ அவர்கிட்ட கடிகாரமே இல்லை, மாதிரிக்குச் செஞ்சதுதான் இருந்துச்சு. நான் 250 கிலோ மாவை அரைச்சு வெச்சிக்கிட்டு ஆளைத் தேடினேன். அவர் ஆளைத் தேடி வெச்சிக்கிட்டு அப்புறம் செஞ்சார்.

இதுல எனக்குப் பிடிச்சது பணம் வந்தது இல்லை. பணம் கட்டினவங்க சும்மா இருக்கலை. தண்ணியில நனைஞ்சா தாங்குமா, நீச்சல் அடிக்கும்போது கட்டலாமான்னு கேட்டிருக்காங்க. அதுக்குத் தகுந்த மாதிரி தண்ணி புகாம மாத்திச் செஞ்சாங்க. காசு கட்டினவன் கேக்கிற கேள்வி வேற, ஓசியில குடிச்சவன் சொல்ற வார்த்தை வேற. இன்னொண்ணு, ஆர்டர் குவியுதேன்னு வந்ததை எல்லாம் வாங்கிப் போடலை. 85 ஆயிரம் கடிகாரத்தோட போதும்னு நாள் முடியறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. அப்படியும் செப்டம்பர்ல தர்றேன்னு சொன்னது அடுத்த வருசம் ஜனவரியிலதான் வர ஆரம்பிச்சுது. ஏன் தாமதம்னு சொல்லிக்கிட்டே இருந்ததால ரொம்பப் பேர் பொறுத்துக்கிட்டாங்க. பெரிய பெரிய கம்பெனிகளும் இந்த மாதிரிக் கடிகாரம் கொண்டு வந்த பிறகு பெபிள் தடுமாறிருச்சு. 2016 டிசம்பர்ல மூடிட்டு ஃபிட்பிட்னு வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க. முன்பணம் வாங்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு நான் சொல்ல வரலை.

ஃபேன் கதை சின்னது. மும்பை ஐஐடியில படிச்ச மனோஜ் மீனா, சிபப்ரதா தாஸ்னு ரெண்டு பேர் 2012-ல ஆரம்பிச்ச கம்பெனி ஆட்டம்பெர்க். சாதா ஃபேன் 75 வாட் கரண்ட் எடுக்கும்னா இவங்க ஃபேன் 28 வாட்தான். விலை கூட. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல 42 யூனிட் மிச்சம், நானே போட்ட கணக்கு. ஆனா எங்க வீட்டுல அந்த ஃபேனை வித்துட முடியுமா? நாங்க ராத்திரிக்கு மட்டும்தான் ஃபேன் போடுவோம். நம்ம தமிழ்நாட்டுல வீட்டுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம். எனக்கு பில்லே வராது, மிச்சம் பிடிக்க என்ன இருக்கு? அவங்க ஆரம்பத்துல வீட்டுக்கு வீடு போகலை. நிறைய ஃபேன் மாட்டி நாள் முழுக்க ஓட்டி, பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடற நிறுவனங்களுக்குத்தான் முதல்ல வித்தாங்க. வலி யாருக்கு இருக்கோ அவங்ககிட்ட முதல்ல போனாங்க.

சரி, எங்க மாவு யாருக்கு வேணும்? வாசல் இல்லாதவங்களுக்கு, காயவெக்க நேரம் இல்லாதவங்களுக்கு. விடிகாலை மில்லு வேன்ல போற பொண்ணுங்க, டவுன்ல வாடகை வீட்டுல இருக்கிற டீச்சருங்க, மாடி வீட்டுல கைக்குழந்தையோட இருக்கிற பொண்ணுங்க. நானும் என் ஓரகத்தியும் ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுப் போனோம். மாவு கொண்டு போகலை. சின்ன டப்பாவுல மாதிரிக்கு மட்டும். அரைக்கிலோ 180 ரூபாய், இப்போ 50 ரூபாய் கொடுத்தா அடுத்த மாசம் அஞ்சாம் தேதி மாவு வரும்னு சொன்னோம்.

நாப்பது பேர்கிட்ட கேட்டோம். நாப்பது பேரும் நல்லா இருக்குன்னாங்க. 50 ரூபாய் கொடுத்தது 11 பேர். வெயில்ல நடந்து வந்து திண்ணையில உட்கார்ந்து அந்த 550 ரூபாயை எண்ணும்போது அழுகையா வந்துச்சு. ஆனா அந்த 11 பேருக்கு மட்டும்தான் அரைச்சோம். ஒரு கிராம் மீதியாகலை.

மில்லுக்குப் போற பொண்ணு ஒருத்தி, “அக்கா, அஞ்சரைக்கு வேன் வந்துரும், அளந்து போட நேரமில்லை, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக் கட்டித் தர முடியுமா?”ன்னு கேட்டா. இதுதான் எங்களுக்குத் தண்ணி புகாத கடிகாரம். சின்னப் பொட்டலமாப் போட்ட பிறகுதான் ஆர்டர் ஏறுச்சு. பொட்டலம் கட்டறதுக்கு வேலை கூட, அதுக்காக 20 ரூபாய் சேர்த்தோம், யாரும் முணுமுணுக்கலை.

நடுவுல ஒரு ஐப்பசி மாசம் அடைமழை. தானியம் காயவே இல்லை. அஞ்சாம் தேதி தரவேண்டியது தள்ளிப் போச்சு. முந்தி மாதிரின்னா போனை அணைச்சு வெச்சிருப்பேன். இந்தத் தடவை ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்ணி, “மழை, காயலை, ஈரத்தோட அரைச்சா கெட்டுரும், எட்டு நாள் ஆகும். வேணாம்னா முன்பணத்தைத் திருப்பித் தர்றேன்”னு சொன்னேன். ரெண்டு பேர் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. மத்தவங்க இருந்தாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க மறுபடி தை மாசம் வந்தாங்க.

இப்போ மாசம் அறுபது பேருக்கு மேல முன்பணம் கட்டுறாங்க. பெரிய வருமானம்னு சொல்ல மாட்டேன். செலவு போக ஆளுக்கு மாசம் ஆயிரத்து சொச்சம் நிக்குது. கடன் போன பங்குனியில முடிஞ்சது. இன்னும் அதிகமா அரைச்சு கடைக்குப் போடலாம்னு குழுவுல சிலர் சொல்றாங்க. கடையில கடனுக்கு வெச்சிட்டு நாம அலையணும், போகலைன்னா திரும்ப வந்துரும். நான் இன்னும் ஒத்துக்கலை. இதுல நான் சொல்றதுதான் சரியான்னும் எனக்குத் தெரியலை, போன தடவை மாதிரி மத்தவங்க வாயை அடைக்கக் கூடாதுன்னு எல்லாரும் பேசட்டும்னு விட்டிருக்கேன்.

கடன் முடிஞ்ச அன்னைக்கு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு பொட்டலம் மாவும் கொண்டு போனேன். “நீங்க அன்னைக்குச் சொன்னது சரி, நான்தான் கேக்கலை”ன்னு சொன்னேன். அவங்க மாவை முகர்ந்து பார்த்துட்டு, “ஏலக்காய் ஜாஸ்தி”ன்னாங்க. குழுவுக்குத் திரும்ப வரலை. ஏலக்காயைக் குறைச்சிட்டோம்.

இங்க இருக்கிற அக்காங்க பொம்மை செய்யறீங்க, பை தைக்கிறீங்க, சோப்பு போடறீங்க. சாயங்காலம் டீ குடிக்கும்போது என்கிட்ட வந்து உங்க கணக்கையும் சொல்லுங்க, நஷ்டக் கணக்கா இருந்தாலும் சொல்லுங்க. அப்புறம், அடுத்த மாசத்து ஆர்டர் நோட்டு வாசல் பக்கத்து மேசையில என் பொண்ணுகிட்ட இருக்கு. முன்பணம் 50 ரூபாய். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க.