தகைவு: தாங்கும் அளவறிதல்



அமராவதிக் கரையிலுள்ள இத் தாராபுரத்திலிருந்து திருப்பூர் செல்லும் வழியில் பின்னலாடைக் கூடங்களும் நூலாலைகளும் எழுந்து நிற்கின்றன. ஒரு தளத்தோடு தொடங்கிய கூடம், தொழில் வளர்ந்தால் மேலும் ஒரு தளம் கொள்கின்றது. அங்கே தையற்பொறிகள் ஏறுகின்றன, துணிக்கட்டுகள் ஏறுகின்றன, அவற்றுக்கும் மேலே தண்ணீர்த்தொட்டி ஏறுகின்றது. ஆயிரம் இலிட்டர் நீர் என்றால் ஒரு டன் எடை. ஏறிய சுமை அத்தனையும் எங்கே போய்ச் சேர்கின்றது? கீழே வாய்பேசாது நிற்கும் தூண்களின் தலையில் போய்ச் சேர்கின்றது. அத் தூண் தாங்குமா? அதற்கு விடை காண உதவும் முதற்கணக்கே தகைவுக் கணக்கு.

தகைத்தல் என்பதற்குத் தடுத்தல், எதிர்த்து நிறுத்தல் என்பன பொருள். சுமை மேலிருந்து அழுத்தும்போது, தூணின் உட்கூறுகள் ஒன்றையொன்று தாங்கி எதிர்த்து நிற்கின்றன. அவ்வுள்விசை ஓர் அலகுப் பரப்பில் எவ்வளவு என்பதே தகைவு. சொல்லைப் பிரித்தாலே பொருள் விளங்குகின்றது! கணக்கோ ஒரே ஒரு வகுத்தல்: விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் தகைவு கிடைக்கும்.

தகைவு மூவகைப்படும். தூணில் நிகழ்வது அமுக்கத் தகைவு. சுமையைத் தொங்கவிட்ட கம்பியில் நிகழ்வது இழுதகைவு. கத்தரி துணியை நறுக்குவதுபோல, இரு தகடுகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்படும்போது அவற்றை இணைக்கும் மரையாணியில் நிகழ்வது நறுக்குத் தகைவு.

ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலத் தூண் என்று கொத்தனார் சொல்வது 230 மில்லிமீட்டர்ச் சதுரம். அதன் பரப்பு 52,900 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் 20 டன் சுமை இறங்குவதாகக் கொள்க. ஒரு டன் ஏறத்தாழ 10,000 நியூட்டன் ஆகையால், விசை 2,00,000 நியூட்டன். வகுத்தால் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3.8 நியூட்டன்.

மக்கள் காங்கிரீட்டு என வழங்கும் கற்காரையுள், எம் 20 எனப்படும் வகை, 28 நாள் நீரூட்டிய கனச்சதுர ஆய்வில் 20 நியூட்டன் வலிமை காட்டவேண்டும். எனினும் இந்தியத் தரநெறி 456, பணித்தகைவு முறையில், நேர் அமுக்கத்திற்கு 5 நியூட்டன்தான் இசைவளிக்கின்றது. கலவையிற் குறை நேரலாம். நீரூட்டலிற் குறை நேரலாம். எதிர்பாராச் சுமை வரலாம். அவற்றுக்கெல்லாம் ஒதுக்கிய காப்பே எஞ்சிய பங்கு. இப்பொழுது அதே தூணின்மேல் மேலும் 10 டன் ஏறட்டும். தகைவு 5.7 நியூட்டன் ஆகின்றது, எல்லை கடந்துவிட்டது. தூண் அன்றே விழாது. விழாமையைக் கண்டு உரிமையாளர் மகிழ்வார். ஆனால் அவர் தம் தொழிலாளர்க்குரிய காப்பைத்தான் கரைத்துக்கொண்டிருக்கின்றார்.

தூணின் உட்கம்பிகளும் சுமையில் ஒரு பங்கு ஏற்கும்; நெடிய தூண் நசுங்குமுன்னரே நெளிந்து கெடுவதும் உண்டு; சுமை நடுவச்சில் இறங்காதவிடத்து வளைவும் சேரும். இவற்றையெல்லாம் பொறியாளரே கணித்தல் வேண்டும். எளிய வகுத்தல் முடிவன்று, எச்சரிக்கை மணி.

கம்பியின் கணக்கு இன்னும் கூர்மையானது. 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு மாற்றாக 10 மில்லிமீட்டர்க் கம்பியிட்டால் என்ன, இரண்டு மில்லிமீட்டர்தானே குறைவு என்பார் உளர். குறுக்களவில் குறைவது ஆறில் ஒரு பங்கு. பரப்போ 113 சதுர மில்லிமீட்டரிலிருந்து 78.5 ஆகச் சுருங்குகின்றது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகின்றது! ஒன்றரை டன் தொங்கும் மென்னெஃகுக் கம்பியில், முன்னதன் தகைவு 133 நியூட்டன். பின்னதன் தகைவு 191. இசைவளித்த அளவு 140. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றுவது கணக்கிற் பெரிதாகின்றது.

தமிழர் இவ்வறிவைக் கல்லில் காட்டியவர்கள். 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. அவ்வளவு உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்று, ஒரே பருமனில் நிற்பதாகக் கொண்டாலும், தன் எடையால் அதன் அடியில் எழும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1.6 நியூட்டன்தான். நல்ல கருங்கல்லோ நூறு நியூட்டனுக்கு மேலும் அமுக்கம் தாங்கும். ஆனால் இழுப்பிற் கல் மெலிந்தது. கல்லுத்தரம் வளையும்போது அதன் அடிப்புறம் இழுபடும். கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதன் உட்பொருள் இதுவே. எழுதி வைத்த வாய்பாடு கிடைக்காவிடினும், கல் தாங்குவதையும் தாங்காததையும் அச் சிற்பிகள் அறிந்திருந்தனர்.

மேலைநாட்டில் கலிலியோ, பொருள்களின் வலிமையை ஆராய்ந்த தம் நூலை 1638 இல் வெளியிட்டார். அறிஞர்மொழி இலத்தீனமாக இருந்த அக்காலத்தில், அந்நூலின் உரையாடலைத் தம் தாய்மொழியாகிய இத்தாலியத்தில் எழுதினார். தகைவுக்குப் பொதுவிலக்கணம் வகுத்த கோசி, 1822 இல் தம் ஆய்வைப் பிரெஞ்சுக் கழகத்தின்முன் வைத்தார். அவரவர் மொழியிற் பிறந்த அறிவே உலகறிவாயிற்று.

இக்கணக்கைப் புறக்கணித்தால் விளைவது என்ன? 2014 ஆம் ஆண்டு சூன் 28 அன்று, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்து அங்கே வேலை செய்தவர்கள் அதனடியிற் புதைந்தார்கள். பக்கத்தில் நின்ற மற்றொரு பதினொரு மாடிக் கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கட்டடம் கணக்குத் தவறினால் முதலில் உயிர் கொடுப்பவன் வரைபடம் வரைந்தவனல்லன், சாரத்தில் நிற்பவன்!

அந்தச் சாரத்தில் நிற்பவனுக்கு அக்கணக்கு எம்மொழியிற் சொல்லப்படுகின்றது? வரைபடம் ஆங்கிலத்தில், குறிப்பு ஆங்கிலத்தில், கம்பியின் அளவு மாறினால் கேள்வி கேட்க அவனிடம் சொல் இல்லை. தமிழிற் சொல் இல்லாமையாலா? இல்லை! தகைவும் திரிபும் மீட்சியும் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் 2010 ஆம் ஆண்டில் அமைப்பியல், எந்திரவியல் பொறியியற் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. கற்கலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஏட்டில் உள்ள சொல் கட்டுமானக் களத்திற்கு இறங்கவேண்டும். அதுதான் எஞ்சிய பணி.

ஆகவே, ஆசிரியர்கள் வகுப்பறைத் தூணையே அளந்து தகைவுக் கணக்கைக் கற்பிக்கட்டும். பொறியாளர்கள் தூணின் அளவையும் கம்பியின் அளவையும் தாங்கும் சுமையையும் தமிழில் எழுதிக் களத்தில் ஒட்டட்டும். தளம் உயர்த்த விரும்பும் தொழில்முனைவோர் முதலில், “இத் தூணின் தகைவு என்ன?” என்று கேட்கட்டும். கம்பி கட்டுவோரும் கொத்தனாரும் அதே வினாவைக் கேட்கும் நாள் வரட்டும். தாய்மொழியில் கேட்கப்படும் அவ்வொரு வினா, ஒரு தூணையும் காக்கும். அதனடியில் உழைக்கும் உயிர்களையும் காக்கும்.