தேசிக்காயும் பயறும்

வெள்ளவத்தையில் மிருக வைத்தியம் பார்க்கிறவன் நான். பெட்டை நாய்களின் மடியில் வரும் கட்டியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா, பதினொரு வயது நாய் சூட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தார். "பால் கட்டியிருக்கு போல, தம்பி. நல்லெண்ணெய் தடவினன், கரையேல்லை." எப்போதிருந்து என்று கேட்டேன். "போன ஆடிவேலுக்குக் கச்சான் அளவுதான் இருந்தது." இப்போது அது தேசிக்காய் அளவு. ஒரு வருடமாகக் கட்டிக்கிடக்கும் பால் எங்கேயாவது உண்டா, சொல்லுங்கள்!

சூட்டியைச் சரித்துப் படுக்க வைத்தேன். நாய்க்குப் பொதுவாக ஐந்து சோடி முலைகள். கட்டி அதிகம் வருவது பின்னங்கால் பக்கத்து இரண்டு சோடிகளில். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்க வேண்டும். தோலோடு வழுக்கி ஓடுகிறதா, அடியில் ஒட்டிக்கிடக்கிறதா? அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா? எந்த மெஷினும் வாங்க முன்னரே இந்த விரல்கள் எனக்கு இருந்தன. இன்றைக்கும் முதலில் இவற்றைத்தான் நம்புகிறேன். அன்று எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று தட்டுப்பட்டது, பயறு அளவில். அம்மா அதைக் கண்டிருக்கவே இல்லை.

பிறகு நெஞ்சு எக்ஸ்றே. கட்டி புற்றுநோயாக இருந்து பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். அதனால் மூன்று கோணத்தில் எடுப்போம். ஊசி குத்திக் கலங்களைப் பார்க்கலாம். ஆனால் கட்டி நல்லதா கெட்டதா என்று ஊசி உறுதியாகச் சொல்லாது. வெட்டி எடுத்த கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் தீர்ப்பு. ஏறக்குறைய பாதிக் கட்டிகள் கெட்டவை.

சூட்டியின் நுரையீரல் சுத்தமாக இருந்தது. இரண்டு கட்டியையும் எடுத்து, இரண்டு போத்தல் போமலினில் போட்டு, பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். ஏன் இரண்டு போத்தல்? கேளுங்கள். மூன்று சென்றிமீற்றரைத் தாண்டிய கட்டிக்குத்தான் நாங்கள் கூடுதலாகப் பயப்படுவோம். ஆனால் வந்த அறிக்கையில் தேசிக்காய் சாதாரணக் கட்டி. பயறுதான் புற்றுநோய்! சிறிதாக இருக்கும்போதே எடுத்ததால் தப்பினாள். இன்றைக்கும் ஆட்டோச் சத்தம் கேட்டால் குரைக்கிறாளாம்.

நேரம் முடிகிறது, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யாத பெட்டைக்கு இந்த ஆபத்து 100 என்றால், முதற் பருவத்துக்கு முன் செய்தால் 0.5, ஒரு பருவம் கண்டபின் 8, இரண்டு கண்டபின் 26. இந்த எண்களைப் பற்றிப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. என்றாலும் பெட்டைக்குட்டி வளர்க்கிறவர்கள் உங்கள் வைத்தியரிடம் இப்போதே பேசுங்கள். குட்டி போடாமலிருக்கப் போடும் ஹோர்மோன் ஊசியோ இந்த ஆபத்தைக் கூட்டும்.

மற்றவர்கள் இன்றிரவு உங்கள் நாயின் வயிற்றைத் தடவும்போது ஒரு நிமிடம் கூடுதலாகத் தடவுங்கள். பயறு அளவு தட்டுப்பட்டாலும் கொண்டுவாருங்கள். அடுத்த ஆடிவேல் வரை பார்த்திருக்க வேண்டாம்.