ஏட்டுச் சுரைக்காயும் மின்சாரக் காரும்

என் அக்கா மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு மின்சாரக் கார் வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, ஒரு தபால் வந்திருக்கு. 'இறுதி அறிவிப்பு'ன்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கான். கார் வாரண்டி முடியப் போகுதாம். 3,800 டாலர் கட்டினா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எது போனாலும் அவங்களே பாத்துக்குவாங்களாம். கட்டட்டுமா?"

"தபால் அனுப்பினது கார் கம்பெனியாடா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. வேற யாரோ."

அந்த 'வேற யாரோ'வைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். கார் வாங்கும்போது விலையோடு சேர்ந்து வருவது வாரண்டி. பிறகு தனியாகக் காசு கொடுத்து வாங்குவதை அமெரிக்கச் சட்டம் வாரண்டி என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் சர்வீஸ் காண்ட்ராக்ட். 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இரண்டையும் வேறுவேறாகவே வைத்திருக்கிறது. ஆனால் விற்கிறவர்கள் வாரண்டி என்றே சொல்லி விற்பார்கள். காதுக்கு நெருக்கமான சொல் அல்லவா?

இந்த வியாபாரத்தில் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசி விற்பவர் ஒருவர். கார் ரிப்பேரானால் 'இதற்குப் பணம் உண்டு, அதற்கு இல்லை' என்று முடிவு செய்பவர் இன்னொருவர். அந்த இரண்டாமவர் கையை விரித்துவிட்டால் பின்னால் நிற்க வேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றாவது. நம்மிடம் பேசுவது முதல் ஆள். பணம் தர வேண்டியது மற்ற இருவர். பெண் பார்க்க வந்தவர் ஒருவர், தாலி கட்டப் போகிறவர் வேறொருவர் என்கிற மாதிரி.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு நல்ல பெயர் இல்லை. மிசௌரி மாநிலத்தில் யு.எஸ். ஃபிடலிஸ் என்று ஒரு கம்பெனி இதில் கொடிகட்டிப் பறந்தது. 2010-ல் திவாலானது. அதை நடத்திய அண்ணன் தம்பி இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அதன் பிறகும் தொழில் ஓயவில்லை. 'உங்கள் கார் வாரண்டி தொடர்பாக அழைக்கிறோம்' என்று இயந்திரக் குரலில் வரும் போன் அங்கே வீட்டுக்கு வீடு கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. இதில் ஒரே ஒரு கும்பல் மட்டும் 2021-ல் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளை விட்டது. தொலைத்தொடர்பு ஆணையம் 2023 ஆகஸ்டில் அந்தக் கும்பலுக்குக் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் போட்டது.

அது மோசடிக் கும்பல். முறையாக நடக்கிற பெரிய கம்பெனிகளும் பிரச்சினைக்குத் தப்பவில்லை. டி.வி.யில் பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்த கார்ஷீல்டு என்ற கம்பெனி மீது, விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று மத்திய வர்த்தக ஆணையம் புகார் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் ஒரு கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அந்தக் கம்பெனி வழக்கை முடித்தது.

சரி, இதெல்லாம் பெட்ரோல் காருக்கும் பொருந்துகிற கதைதானே, மின்சாரக் காருக்கு மட்டும் என்ன விசேஷம் என்று நீங்கள் கேட்கலாம். விசேஷம் இருக்கிறது.

இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இன்ஜின் காலத்தில் எழுதப்பட்டவை. அவற்றின் உயிர்நாடியான சொல், 'பழுது'. ஒரு பாகம் வேலை செய்யாமல் நின்றுபோக வேண்டும். அப்போதுதான் பணம். தேய்மானம் என்றால் கிடையாது. இன்ஜினுக்கு இது பொருந்தும். கியர் பாக்ஸ் ஒருநாள் சத்தம் போட்டு நிற்கும். அதற்கு அப்பீலே இல்லை.

மின்சாரக் காரின் பேட்டரி அப்படி நிற்பது அபூர்வம். அது இளைக்கும். நம் வீட்டு இன்வெர்ட்டரை நினைத்துப் பாருங்கள். வாங்கின புதிதில் கரண்ட் போனால் நாலு மணி நேரம் ஃபேன் சுற்றியது. மூன்று வருஷம் கழித்து ஒரு மணி நேரம் சுற்றினாலே பெரிது. பேட்டரி கெட்டுவிட்டதா? இல்லை. இருக்கிறது, ஆனால் இளைத்துவிட்டது. கார் பேட்டரி இவ்வளவு வேகமாக இளைக்காது. ஆனாலும் இளைக்கத்தான் செய்யும். ஒரு சார்ஜுக்கு 250 மைல் ஓடின கார் 170 மைலில் மூச்சு வாங்கினால், 'எங்கே பழுது? கார்தான் ஓடுகிறதே!' என்று ஒப்பந்தக்காரர் கேட்பார். அவர் காகிதப்படி அவர் சொல்வது சரி.

கார் கம்பெனி கொடுக்கிற வாரண்டி இந்த விஷயத்தில் வேறு மாதிரி. அமெரிக்காவில் மின்சாரக் கார் பேட்டரிக்கு வழக்கமாக 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி உண்டு. இளைப்பதற்கும் ஒரு கோடு கிழித்திருப்பார்கள். டெஸ்லா கம்பெனி, அந்தக் காலத்துக்குள் பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பு எங்களுடையது என்கிறது. நிஸான் லீஃப் காரில் டாஷ்போர்டிலேயே 12 கட்டங்கள் தெரியும். அது 9-க்குக் கீழே இறங்கினால் கம்பெனியிடம் போய்க் கேட்கலாம். ஆக, பத்தாயிரம் டாலரைத் தாண்டக்கூடிய பேட்டரிச் செலவுக்கு 8 வருஷம் வரை ஏற்கெனவே ஆள் இருக்கிறார். அதற்காக இன்னொருவருக்குப் பணம் கட்டுவது, கட்டின வீட்டுக்கு மறுபடி அஸ்திவாரம் போடுகிற வேலை.

அப்படியானால் இந்த ஒப்பந்தங்களால் உபயோகமே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. டெஸ்லாவையே எடுத்துக்கொண்டால், காரின் மற்ற பாகங்களுக்கான வாரண்டி 4 வருஷம் அல்லது 50,000 மைலோடு முடிந்துவிடும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் அது நீளும். அஞ்சாவது வருஷத்திலிருந்து திரை, சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரஸர், கதவுக் கைப்பிடி எல்லாம் நம் தலையில். மின்சாரக் காரில் மோட்டார் எளிதில் மண்டையைப் போடாது. படுத்துக்கொள்வது இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்கள்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பழைய டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுவில் இருக்கிற பெரிய திரைக்குப் பின்னால் ஒரு சின்ன மெமரி சிப். எட்டே எட்டு ஜி.பி. கார் ஓடும்போதெல்லாம் அதில் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி சிப்பில் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. சிலேட்டை அழித்து அழித்து எழுதினால் தேய்வது மாதிரி அது தேய்ந்துபோனது. திரை இருண்டது. பின்னால் வரும் வண்டியைக் காட்டுகிற கேமரா தெரியவில்லை. கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் வசதிக்கும் அந்தத் திரைதான் சாவி. மோட்டார் நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, நகத்தளவு சிப் ஒன்று இத்தனையையும் முடக்கிப் போட்டது.

அதற்கு மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கம்பெனியை நெருக்கியது. 2021-ல் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. ரீகால் என்றால் வாரண்டி முடிந்த காருக்கும் காசு வாங்கக்கூடாது. செவ்ரோலே போல்ட் கதையும் இதுதான். பேட்டரி தீப்பிடிக்கிற ஆபத்து என்று 2021-ல் அதுவரை செய்த போல்ட் கார்கள் அத்தனையையும் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. ஆக, பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர் ஒப்பந்தக்காரருக்கு போன் போடுவதற்கு முன்னால், அந்தக் காருக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்குச் செலவு கிடையாது.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். "ஒப்பந்தத்தின் மாதிரிப் பிரதியை அனுப்பச் சொல்லுடா" என்றேன். அனுப்பினார்கள். இருபத்தாறு பக்கம். 'எவற்றுக்குப் பணம் உண்டு' என்பது இரண்டு பக்கம், கொட்டை எழுத்தில். 'எவற்றுக்குக் கிடையாது' என்பது ஐந்து பக்கம், எறும்பு எழுத்தில். அந்த ஐந்து பக்கத்தில், நாலாவது பக்கத்தின் அடியில் ஒரு வரி. பேட்டரியின் திறன் படிப்படியாகக் குறைவது பழுது ஆகாது. அதற்குக் கீழே இன்னொரு வரி. ரிப்பேரைத் தொடங்கும் முன் எங்கள் அனுமதி வாங்க வேண்டும். கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்கிற செலவு, கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் உங்களுடையது.

'எது போனாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றது தபால். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இது அமெரிக்கக் கதைதானே என்று நாம் காலை நீட்டிக்கொண்டு உட்கார முடியாது. நம் ஊரிலும் பழைய மின்சாரக் கார்கள் கைமாறத் தொடங்கிவிட்டன. 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா இரண்டு மின்சாரக் கார்களை அறிமுகம் செய்தது. பேட்டரிக்கு ஆயுள் முழுக்க வாரண்டி என்றது. ஆனால் அந்த 'ஆயுள்' முதல் சொந்தக்காரருக்குத்தான். கை மாறினால் அதற்குத் தனி வரம்பு உண்டு. இரண்டாம் கையாக வாங்குகிறவர், முதல் கைக்குச் சொன்ன வாக்கை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது. காகிதத்தை வாங்கிப் படிக்க வேண்டும். அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து.

மருமகன் அந்தக் கம்பெனிக்கு போன் செய்தான். நான் சொல்லிக்கொடுத்த இரண்டு கேள்விகளைக் கேட்டான். ஒன்று, பேட்டரி 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தருவீர்களா? இரண்டு, நீங்கள் கடையை மூடிவிட்டால் பணம் தரப்போகிற இன்சூரன்ஸ் கம்பெனி எது?

"அவன் என்னடா சொன்னான்?" என்றேன்.

"பதில் ஒண்ணும் சொல்லல மாமா. ஆனா விலையில ஐந்நூறு டாலர் குறைச்சுட்டான்."

கேள்விக்குப் பதில் வராமல் விலை மட்டும் இறங்கினால், பதில் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அவன் கட்டவில்லை. அந்த 3,800 டாலரை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறான். நாளைக்குத் திரை இருண்டால் அதிலிருந்து எடுப்பான். செலவு அதைத் தாண்டிப் போகவும் கூடும், அது அவனுக்கும் தெரியும். ஆனால் அதை எடுக்க யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.